காணாமல் போன தொட்டில் போர்வை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு போர்வையைத் தேடினோம். போர்வைதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்... அக்காவின் முகத்தைப் பார்க்கும் வரை.

குடும்பத்துக் கல்யாணப் பட்டுப்புடவைகள் நைந்ததும், நல்ல பாகங்களை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்த போர்வை அது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை... கலர் கலராக இருக்கும். குழந்தையை முதன்முதலில் தொட்டிலில் போடும்போது அதைத்தான் விரிப்போம். அப்பா, அக்கா, நான் — எல்லாரும் அதில் புரண்டவர்கள்தான். மறுநாள் அக்கா மகளுக்குத் தொட்டில். பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு பிறந்தவள். போர்வை இல்லாவிட்டால் தொட்டிலே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

பரண், பீரோ, வாஷிங் மெஷின் — எங்கும் இல்லை. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். பதிலுக்கு வந்ததெல்லாம் ஹார்ட்! பழைய பட்டு வாங்க வருகிற ஆட்டோவில் போட்டுவிட்டாயா என்று அம்மாவைக் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக எரித்திருப்பார்களோ என்று உள்ளுக்குள் பயம் வேறு.

மத்தியானம் சித்தப்பா சாப்பிட வந்தார். தறி நெய்கிறவர். திருவிழா வந்தால் சாமி தூக்கப் போய்விடுவார். இப்போதும் ஊரில் திருவிழாதான். விஷயத்தைக் கேட்டதும், வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"அண்ணி... அது சாமிகிட்ட இருக்குது."

சாமி வாகனத்தைத் தூக்கும்போது தோளை அழுத்தாமலிருக்க, தடிமனாக ஏதாவது மடித்துப் போடவேண்டும். வேறு ஊர்க்காரராக இருந்தால் பழைய பெட்ஷீட்டை எடுத்திருப்பார். இவர் காஞ்சிபுரத்து நெசவுக்காரர் ஆயிற்றே!

"படுத்த பெட்ஷீட்ட சாமிக்கு எடுக்கலாமா? பட்டுக்குத் தீட்டு கெடையாது. அதான் எடுத்துக்கினு போனேன்" என்றார்.

லாஜிக்கில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் கோயிலுக்குப் பறந்தேன். வாகன மண்டபத்தில் போர்வை பத்திரமாக இருந்தது. ஆனால் இரண்டு துண்டாக! பக்கத்தில் தூக்குகிறவருக்குத் தோள் வீங்கிவிட்டதாம். சித்தப்பா பாதியைக் கத்தரித்து அவருக்குக் கொடுத்திருக்கிறார். கதையின் இந்தப் பாகத்தை மட்டும் சோற்றோடு விழுங்கியிருந்தார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மனசு வராமல், மிச்சப் பாதியோடு வீட்டுக்குள் நுழைந்தோம். சித்தப்பா என் முதுகுக்குப் பின்னால். நடந்ததை நான்தான் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அதை விரித்தாள். மோந்து பார்த்தாள். வியர்வையும் விபூதியும் மணந்தன.

"கொழந்த என்ன ஆறடியா இருக்குது? இது போதும்மா. அந்தப் பாதி அவங்ககிட்டயே இருக்கட்டும். திருவிழா இன்னும் முடியலியே."

அம்மா எழுந்து உள்ளே போனார். யாரையும் தொடவிடாத தன் முகூர்த்தப் புடவையை எடுத்து வந்தார். ஓரத்தில் ஒரு பட்டை கிழித்து, வெட்டுப்பட்ட விளிம்பை மூடித் தைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் எங்கள் தெருவில் சாமி வந்தது. சித்தப்பாவுக்குப் பக்கத்துத் தோளில் ஒரு பாதி. தொட்டில் முடிந்து வாசலில் நின்ற அக்கா கையில், குழந்தையைச் சுற்றி மறுபாதி.

தொலைந்த பொருள் கிடைத்தால் சந்தோஷம்தான். தொலைந்த இடத்திலும் அது சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தால்... டபுள் சந்தோஷம்!