மாமியார் வீட்டு மத்து

இந்த நாட்டில் விடுமுறை என்றால் மழை தூறினாலும் கடலுக்குப் போகிறார்கள். கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்து, ஈரக்காற்றில் ரொட்டியைக் கடித்துவிட்டு, நல்ல பொழுது என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். மயிலாப்பூரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சாந்தோமில் கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்களுக்குக் கடல் வேலை செய்யும் இடம். அதைப் பார்க்க டிக்கெட் எடுப்பது எனக்கு இன்னமும் வேடிக்கைதான்.

இந்த ஆகஸ்டு விடுமுறையில் நாங்களும் எடுத்தோம். நான், மனைவி நோரா, எங்கள் சின்னப் பெண் மேரி. டப்ளினிலிருந்து ரயில், பிறகு பஸ். கொஞ்சம் வீடுகளும் ஒரு மாதா கோயிலுமாகக் கடலோரத்தில் ஒண்டியிருந்த அந்தக் கிராமம் நோரா பிறந்த ஊர். கறுப்பு மாலுமியைக் கட்டிக்கொண்டாள் என்று கல்யாணத்துக்கு வராத அவள் தாய், பிள்ளையை ஒருநாள் கொண்டுவந்து காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் நோரா மேரியின் தலையைத் திரும்பத் திரும்ப வாரினாள். "அம்மா இவளை ஒருதரம் மடியில் வைத்துக்கொண்டால் போதும். வேறொன்றும் கேட்கமாட்டேன்" என்றாள்.

நான் இங்கே வந்த கதை சின்னது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அலுத்துப்போயிற்று. கொஞ்ச காலம் கண்டதைச் செய்துவிட்டுக் கப்பலேறி, சமையல்கட்டில் வெங்காயம் உரித்தேன். யுத்தத்தில் கப்பல் முழுகிற்று. என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டுக்கொண்ட படகு இந்த நாட்டுக்காரர்களுடையது. வேறு படகு வந்திருந்தால் வேறு நாட்டில் இருப்பேன். இப்போது ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மாமியார் வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். இங்கே மத்துக்குக் கயிறு கிடையாது. நெட்டையான மரப் பீப்பாய்க்குள் ஒரு கம்பை விட்டு, உலக்கை போடுவதுபோல் இடிக்கிறார்கள். "வாருங்கள்" என்றார், கையை நிறுத்தவில்லை. நோரா கோட்டைக் கழற்றியதும் நேரே போய்க் கம்பை வாங்கி நாலு இடி இடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

கப்பலேறுமுன் கச்சேரி ரோட்டு விறகுத்தொட்டியிலிருந்து மாடவீதி வீடுகளுக்கு விறகு சுமந்திருக்கிறேன். அனுப்பும்போதே அம்மா சொல்லிவிடுவாள்: "பெரிய வூட்டாண்ட போனா கைய பின்னால கட்டிக்கினு நில்லுடா. எதையாச்சும் தொட்டுக்கினு வந்தே, நைனா தோலை உரிச்சிடுவாரு." ஒரு வீட்டில் விறகு இறக்கும் நேரமும் மாமி தயிர் கடையும் நேரமும் ஒன்றாக இருக்கும். "அங்கேயே நில்லுடா, மத்துல பட்டுண்டுடாதே. கையை ஏந்து, மோர் விடறேன்" என்று உயரத்திலிருந்து ஊற்றுவாள். நல்ல மனசுக்காரி, தண்ணீர் விட்டுப் பெருக்கமாட்டாள். பெருங்காய வாசனையோடு முழங்கை வரை வழியும். அதில் குறைப்பட ஒன்றும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதில்லை. வெயிலுக்குத் தாகம் அடங்கிற்று.

மாமியாரின் முகம் இறுகிவிட்டது. "உன் புருஷனுக்குக் கை வலியா? இல்லை, என் வீட்டு அதிர்ஷ்டத்தை அள்ளிக்கொண்டு போக வந்தாரா?" என்று மகளைக் கேட்டார். மேரி அவரிடம் கையை நீட்டினாள். "வேலையாக இருக்கிறேன்" என்று திரும்பிக்கொண்டார்.

நோரா என்னை முற்றத்துக்கு இழுத்துப் போனாள். "ஏன் கம்பைத் தொடவில்லை? வெண்ணெய் கடைகிற வீட்டுக்குள் வருகிறவர்கள் ஒரு கை போடவேண்டும். போடாமல் நிற்கிறவன் வெண்ணெய் திரளக்கூடாது என்று நினைக்கிறவன்."

"தொடாமல் நிற்பதுதான் மரியாதை என்று நின்றேன்."

"யார் சொன்னது?"

"எங்கள் அம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "இரண்டு அம்மாக்களையும் ஒரே வீட்டில் போட்டுப் பூட்டவேண்டும்."

உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "கொடுங்கள்" என்றேன். மாமியார் என் கைகளை உற்றுப் பார்த்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவும் சோடாவில் தோல் உரிந்துபோன கைகள். கம்பைக் கொடுத்தார். நான் இடித்த இடியில் பால் கூரைவரை தெறித்தது.

"மெதுவாக. மூழ்கடிப்பதற்கு இது கப்பல் இல்லை."

நோரா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாருக்கு இப்போது கையில் வேலையில்லை. இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பீப்பாய்க்குள் என்ன என்று பார்க்க மேரி எம்பி எம்பிக் குதித்தாள். "எட்டாதடி" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நோரா ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் கடலைப் பார்த்தாள்.

வெண்ணெய் திரண்டது. தன்னுடைய ஓரம் உடைந்த கோப்பையிலேயே மோரை எடுத்து நீட்டினார் மாமியார். பழக்கத்தில் அண்ணாந்து கோப்பையை வாய்க்கு மேலே தூக்கிவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கி, விளிம்பில் உதட்டை வைத்துக் குடித்தேன். உப்பில்லை. நாக்கு பெருங்காயத்தைத் தேடிற்று. "அப்பா, கை" என்று மேரி சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன். வலது கையில் மாமியாரின் கோப்பை இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றிருந்தது.