துருக்கிக் கத்திரி வந்த ஞாயிறு

ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டால் சிவசக்தியால் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். அந்த வியாழக்கிழமை மாலை அவள் சவுக்குமர முடக்கிலிருந்து லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கிவந்த வேகத்தைப் பார்த்து, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று குடங்களைக் கீழே வைத்துவிட்டார்கள். அவளுடைய அக்கா கருப்பம்மா மட்டும் அசையவில்லை.

“ஒண்ணுமில்ல, படம் கெடச்சிருக்கு. நீங்க தண்ணி புடிங்க,” என்றாள்.

தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான்: பாதை திரும்பும் அந்தச் சவுக்குமர முடக்கு. வேலை முடிந்ததும் சிவசக்தி அங்கே போய் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிடுவாள். கையில் தொலைபேசி, அதில் மாதச் சந்தாவுக்குப் படம் காட்டும் செயலி. பிடித்த படத்தைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டு வருவாள். ஞாயிறு மூன்று மணிக்கு, பதுளை பஸாரில் ஸனூஸ் நானாவின் கடையில் வாங்கிய கம்பியால் அதைப் பிள்ளைக் காம்பராவின் டிவியோடு பொருத்தி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவாள். தாய்மார் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் காம்பராவில்தான் அவளுக்கு வேலை. டிவி ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் தோட்டத்துக்குக் கொடுத்தது.

கருப்பம்மாவுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். தங்கச்சி உயர்தரம் பாஸ் பண்ணியதை அவள் யாரிடமும் பீற்றிக்கொண்டது கிடையாது. ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அது அந்தப் பரீட்சைப் பெறுபேற்றில் வந்து நிற்கும். ஞாயிற்றுப் படங்களுக்கு ஒரு கொப்பி வைத்திருந்தாள். படத்தின் பெயர், எத்தனை நிமிடம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தாள். கடைசிக் கட்டத்துக்கு ‘திங்கள்’ என்று பெயர். திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடும்போது, ஜனங்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் ‘ஆம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’. அவளைக் கேட்டால் நல்ல படத்துக்கு அதற்கு மேல் ஒரு சான்றிதழ் தேவையில்லை.

சிவசக்தியின் கணக்கு வேறு. செயலியைத் திறந்ததும் முதலில் வருவதையெல்லாம் அவள் விரலால் தள்ளிவிடுவாள். “அதெல்லாம் கடை வாசல்ல தொங்குற சட்டை அக்கா. நல்ல துணி உள்ளுக்குத்தான் இருக்கும்,” என்பாள். தேடும் கட்டத்தில் நடிகர் பெயர் போடமாட்டாள், தொழில் பெயர் போடுவாள். உப்பு. கம்பளி. பாண். தண்டவாளம். வருவதில் ஒன்று நன்றாயிருந்தால் அதை எடுத்தவர் வேறு என்ன எடுத்திருக்கிறார் என்று தேடிப் போவாள். முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கையால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும், இல்லையென்றால் மூடிவிடுவாள். இப்படித்தான் மலை உச்சிக்குத் தபால் சுமக்கும் பெண்ணின் படம் கிடைத்தது, குருட்டு மீன்காரரின் படம் கிடைத்தது. இரண்டுக்கும் கொப்பியில் ‘ஆம்’.

ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் தன் சட்டத்தைத் தானே மீறி, பரிசு வாங்கிய படமாம் என்று ஒன்றைப் போட்டாள். பனி கொட்டும் ஊரில் ஒரு மனிதர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் பத்தொன்பது பேர், கடைசிவரை இருந்தவர்கள் ஆறு பேர்.

“அந்த ஆறுல ரெண்டு பேர் தூங்கிட்டாங்க அக்கா. தூங்குறவங்களையும் எழுதுவீங்களா?” என்று கேட்டான் ரமேஸ். இளைஞர் கழகத் தலைவன் அவன். டிவியைக் கழகத்துக்குக் கொண்டுபோனால் ஞாயிறு பின்னேரங்களில் மேட்ச் பார்க்கலாம் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. வருகிற ஞாயிறு முப்பது பேராவது கடைசிவரை இருந்தால் டிவி பிள்ளைக் காம்பராவிலேயே இருக்கும். ஒருவர் குறைந்தாலும் கழகத்துக்குப் போகும்.

அதனால்தான் அந்த வியாழன் ஓட்டம்.

“அக்கா, துருக்கின்னு ஒரு நாடு இருக்குல்ல? அங்கயும் தேயில இருக்கு. அங்கயும் மலை, அங்கயும் மழை,” என்றாள் சிவசக்தி மூச்சு வாங்க.

“சரி. அங்கயும் கங்காணி இருக்காரா?”

“பத்து நிமிஷந்தான் முடக்குல உக்காந்து பாத்தேன். கங்காணி இன்னும் வரல. ஆனா அக்கா, அவங்க கொழுந்து எடுக்கிற விதத்த நீங்க பாக்கணும்.”

“எப்படி எடுக்கிறாங்க?”

“சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழம பாருங்க.”

ஞாயிறுவரை பொறுக்க கருப்பம்மாவால் முடியவில்லை. ஆசை மட்டும் காரணமில்லை. பனி ஊர்ப் படத்தில் தங்கச்சி பட்ட அவமானம் மனதில் இருந்தது. இந்தப் படத்தைத் தானும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. வேலை நேரத்தில் பிள்ளைக் காம்பராவுக்குள் தொலைபேசி கொண்டுபோகக்கூடாது என்பதால் சிவசக்தி அதை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவாள். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்த கருப்பம்மா, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, படத்தின் மேல் விரலை வைத்தாள். இங்கிலீஸில் ஏதோ இரண்டு வரி வந்தது. அதில் 48 என்ற இலக்கம் மட்டும் புரிந்தது. படம் நாற்பத்தெட்டு நிமிடமாக்கும் என்று கொப்பியில் குறித்துக்கொண்டாள்: ‘வெள்ளி 12.20. 48.’ பிறகு சோற்றை மறந்துவிட்டு, மறுபடி மலைக்குப் போகும் நேரம்வரை பார்த்தாள். அவளுக்குத் தெரியாத பாஷை. ஆனால் கைகளுக்குப் பாஷை வேண்டியதில்லையே. தங்கச்சியிடம் மூச்சுவிடவில்லை.

ஞாயிறு இரண்டே முக்காலுக்கே காம்பரா நிரம்பிவிட்டது. தேயிலைப் படம் என்ற செய்தி கீழ்ப்பிரிவுவரை போயிருந்தது. கருப்பம்மா வாசலில் நின்று எண்ணினாள்: முப்பத்தெட்டு. ரமேஸ் அவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தானும் எண்ணினான். அவனுக்கும் முப்பத்தெட்டு.

“வர்றது பெருசில்ல அக்கா. கடைசில பாப்போம்,” என்றான்.

சிவசக்தி கம்பியைப் பொருத்திப் படத்தைத் தொட்டாள். டிவி கறுப்பாகவே இருந்தது. மறுபடி தொட்டாள். அவள் முகம் மாறியதை அந்த முப்பத்தெட்டுப் பேரில் முதலில் பார்த்தவள் கருப்பம்மாதான்.

“காலாவதியாயிருச்சுன்னு சொல்லுது. எறக்கினதுக்கப்புறம் நான் இத தொறக்கவே இல்லையே. தொறந்தா நாப்பத்தெட்டு மணித்தியாலந்தான் இருக்கும்னுதான் நேத்து கம்பிய வேற படத்துல செக் பண்ணேன்,” என்றாள் சிவசக்தி மெதுவாக.

நாற்பத்தெட்டு. கருப்பம்மா கொப்பியைத் திறந்து அந்த வரியைத் தங்கச்சியிடம் நீட்டினாள். சிவசக்தி அதைப் படித்தாள். வெள்ளி 12.20. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“நான்தான் புள்ள. சரிபாக்கத்தான் தொறந்தேன். அத நிமிஷம்னு நெனச்சுட்டேன்.”

சிவசக்தி திட்டவில்லை. “எவ்வளவு தூரம் பாத்தீங்க?” என்று கேட்டாள்.

“அரை மணிக்கு மேல.”

“அப்ப முடக்குக்குப் போய்ப் புதுப்பிச்சிட்டு வர்றவரைக்கும் இவங்கள விடாதீங்க. போக இருபது நிமிஷம், வர பதினஞ்சு.” தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு குறுக்குப்பாதையில் ஏறி ஓடினாள்.

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். ரமேஸ் விரலை மட்டும் மடக்கிக் காட்டினான். முப்பத்தாறு.

கருப்பம்மா நாலு பேர் முன்னால் நின்று பேசியவளில்லை. மாதர் சங்கக் கூட்டத்தில்கூடக் கொப்பியைப் பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். இப்போது டிவிக்கு முன்னால் போய் நின்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் பார்த்ததையே சொன்னாள்.

“அங்க பொம்பளைங்க கையால பறிக்கல. கத்திரியால வெட்டுறாங்க.”

எழுந்து நின்ற இருவரும் நின்றபடியே திரும்பினார்கள்.

“என்ன கத்திரி?” என்றாள் சுதர்ஷினி. கருப்பம்மாவின் நிரையில் பறிப்பவள். நாக்கு கொஞ்சம் நீளம்.

“பெரிய கத்திரி. ரெண்டு கையாலயும் புடிக்கணும். கத்திரியோட ஒரு துணிப் பை தைச்சிருக்கு. வெட்ட வெட்ட எல எல்லாம் பைக்குள்ள விழுந்துடும்.” இரண்டு கையையும் நீட்டி வெட்டிக் காட்டினாள். 

“அப்ப முத்தின எலையும் சேந்துல்ல விழும்?”

“விழுதே. நான் பாத்தேன். காம்பும் விழுது.”

“நம்ம மடுவத்துல அப்படிக் கொண்டுபோனா நிறுக்கிறவர் மூஞ்சியில வீசிடுவாரு,” என்றாள் சுதர்ஷினி. காம்பரா சிரித்தது.

ஜன்னலோரத்தில் இருந்த இராமையா தாத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். “வெட்டினா அதுக்குப் பேரு கவ்வாத்தும்மா. கொழுந்து எடுக்கிறதுன்னு சொல்லாத. மட்டக்கம்பு வைக்கிறாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல தாத்தா. கம்பே இல்ல. ஆனா செடி மட்டமாத்தான் இருக்கு.”

“அது எப்படி இருக்கும்?”

“கத்திரிய மட்டமா புடிச்சா மட்டமா வருந்தானே,” என்று இன்னொருத்தி குறுக்கே விழுந்தாள். அவ்வளவுதான். வலப்பக்கம் கத்திரிக் கட்சி, இடப்பக்கம் கைக் கட்சி என்று காம்பரா இரண்டாகப் பிரிந்தது. கத்திரி இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று ஒருத்தி கேட்டாள். கிலோ கூடினால் தோட்டத்துரை தினம் கேட்கும் கணக்கையும் கூட்டிவிடுவார் என்று இன்னொருத்தி சொன்னாள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். சத்தம் கேட்டு வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள்.

“ஒரு வயசான அம்மா வருது. மலைய காட்டிக் காட்டி சத்தமா என்னமோ சொல்லுது. அதான் அங்கத்த கங்காணி போல,” என்று கருப்பம்மா தொடர்ந்தாள். “அப்புறம் மலைக்கு நடுவுல ஒரு கம்பிக் கயிறு. கொழுந்து மூட்டைய கொக்கியில மாட்டி விட்டா, அதுபாட்டுக்கு ரோட்டுக்குப் போயிடுது.”

முக்காலியில் இருந்த ரமேஸ் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினான். தினமும் கொழுந்து மூட்டைகளைத் தோளில் தூக்கி லொறியில் ஏற்றுபவன் அவன்.

“யாரும் தூக்காமலா?”

“யாரும் தூக்கல.”

“ஏறுற பக்கமா, எறங்குற பக்கமா?”

அவள் பதில் சொல்வதற்குள் சிவசக்தி வாசலில் வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

படம் ஓடியது. பாஷை துருக்கி, கீழே இங்கிலீஸ் எழுத்து. டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் சிவசக்தி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் கத்திரி திரையில் வந்தபோது கூரை அதிர்ந்தது. இராமையா தாத்தா எழுந்து டிவிக்கு ஒரு முழம் கிட்டே போய் நின்று, “நல்லாத்தான் வெட்டுறா,” என்று ஒப்புக்கொண்டார். கருப்பம்மா திரையைப் பார்த்ததைவிடத் தங்கச்சியைத்தான் அதிகம் பார்த்தாள். ஒரு வரியில்கூட அவள் தடுமாறவில்லை.

அந்த வயசான அம்மா வந்தாள். மலையைக் காட்டிச் சத்தமாக ஏதோ சொன்னாள்.

“கங்காணி, கங்காணி,” என்றார்கள் எல்லாரும்.

சிவசக்தி கீழே இருந்த வரியைப் படித்தாள். “‘இந்தச் செடி என் மாமியார் நட்டது. அந்தப் பாறை வரைக்கும் எங்களோடது. எனக்குப் பிறகு என் மகளுக்கு.’ அப்படின்னு சொல்லுது.”

சுதர்ஷினி டிவிக்குக் கிட்டே நகர்ந்தாள்.

“அப்ப அது அவங்க சொந்த மலையா?” என்று சுதர்ஷினி கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை.

“சொந்த மலைதான்.”

அதன்பிறகு கத்திரிக் கட்சியும் இல்லை, கைக் கட்சியும் இல்லை. எல்லாரும் அந்தப் பாறையையே பார்த்தார்கள். எங்கிருந்து எங்கே வரைக்கும் என்று சுதர்ஷினி விரலால் காற்றில் அளந்தாள்.

கம்பிக் கயிறு வந்தது. மழையில், மேகத்துக்குள்ளிருந்து, ஒரு மூட்டை தனியாக ஆடி ஆடி இறங்கிவந்தது. ரமேஸ் முக்காலியை விட்டுவிட்டு நடுக்காம்பராவில் வந்து நின்றான்.

எழுபத்தோராவது நிமிடத்தில் படம் முடிந்தது. கருப்பம்மா கொப்பியோடு வாசலுக்குப் போனாள்.

“எண்ணு தம்பி. நீயும் எண்ணு, பிறகு பேச்சு வரக்கூடாது,” என்றாள்.

“எண்ணுறது இருக்கட்டும். அந்தக் கயிறு வர்ற எடத்த இன்னொரு தடவ போடச் சொல்லுங்க அக்கா,” என்றான் ரமேஸ். “மேல எப்படி இழுத்துக் கட்டியிருக்காங்கன்னு பாக்கணும்.”

போட்டார்கள். அதற்கும் யாரும் எழுந்து போகவில்லை. கருப்பம்மா இரண்டுமுறை எண்ணினாள், இரண்டுமுறையும் ஐம்பத்திரண்டு. ரமேஸ் எண்ணவே இல்லை. கயிற்றின் மேல்முனை தெரியும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரையைத் தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி மூன்றாவது பெயரோடு நிறுத்திவிட்டார். கொழுந்துக் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் இரண்டு கையாலும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“துருக்கிக்குப் போறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க. இங்க வேல செய்றவங்க பேரு குடுங்க,” என்றார்.

“சொந்த மலை குடுத்தாத்தான் போவோம் கங்காணி,” என்று சுதர்ஷினி வரிசையிலிருந்து பதில் கொடுத்தாள்.

கருப்பம்மா முந்தானைக்குள்ளிருந்த கொப்பியை எடுத்து, ‘திங்கள்’ கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதினாள். அது போதாதென்று தோன்ற, பக்கத்தில் இன்னொரு ‘ஆம்’ போட்டாள். பிறகு மேலே இருந்த வெள்ளிக்கிழமை வரியில் ‘48’க்குப் பக்கத்தில் ‘மணித்தியாலம்’ என்று சேர்த்து, அதன் கீழே அடிமட்டம் இல்லாமலே ஒரு கோடு இழுத்தாள்.