நீல மூடிப் போத்தல்

ஸ்ரனிஸ்லாஸ் தன் பழைய காரை எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டார். பதினெட்டு வருசமாய் லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலைசெய்து, அந்த இத்தாலிய அம்மா சொல்வதெல்லாம் செய்கிற மனுசன், காருக்காவது தான் முதலாளியாய் இருக்க நினைத்தார்.

அந்த ஞாயிறு காலை, கால்சாப் பகுதியில் இருந்த தன் வீட்டு முற்றத்தில் எஞ்சினைக் குளிரவைக்கிற பழைய கூலண்டை வடித்தார். கறள் தண்ணி தெளியும்வரை கழுவினார். புதுசை எடுக்கக் குசினிக்கு ஏறினார். அது வந்த பிளாஸ்டிக் கான் ஒழுகுதென்று, முதல்நாளே கூலண்டைக் கழுவியெடுத்த ஒரு வெறும் ரோஸ் சிரப் போத்தலில் ஊற்றி, வேறொரு நீல மூடி போட்டு வைத்திருந்தார். சிரப்பின் அதே சிவப்பு. ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

போத்தலைக் காணவில்லை. மனுசி அகஸ்ரீனா கோயில் பெருநாள் சர்பத்துக்கென்று அலுமாரித் தட்டில் இருந்த சிரப் போத்தல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தா. அவவின் போன் மேசையில் கிடந்தது.

கார் தண்ணியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதில் போக முடியாது. ஓடினார். வழியில் ஒரு செருப்புக் கழன்றது, நிற்கவில்லை.

கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் கப்போடு வரிசையில் நின்றார்கள். மேசையில் நீல மூடிப் போத்தல் வெறுமையாய்க் கிடந்தது. ஸ்ரனிஸ்லாஸ் சர்பத் வாளியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார்.

"அது காருக்கு ஊத்திறது. நஞ்சு," என்றார் மூச்சு வாங்க. "ஆர் குடிச்சது?"

அகஸ்ரீனா அகப்பையை மேசையில் வைத்தா.

"பிள்ளையள் ஒருத்தரும் குடிக்கேல்லை," என்றா. "இனிப்புக் காணுமோ எண்டு நான்தான் ஒரு கப் குடிச்சுப் பாத்தனான்."