பதுளையிலிருந்து வந்த ஆர்கன்

அப்பா ஆர்கன் வாங்கப் போகிறார் என்றதும் முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவர் சிரித்தால் லயத்தில் மற்றவர்களும் சிரித்தாக வேண்டும். தெமோதரைக்கு மேலே இருந்த அந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருந்தன. வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் கூரை வரைக்கும் எழும்பாதவை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஆர்கன் எதற்கு என்று அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அப்பாவிடம் பதில் இருந்தது. ஆனால் அண்ணனிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பியோடு வருவோம் என்று சொல்லித்தான் என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுப் போனார்கள். தம்பி மூச்சில்லாமல் பிறந்தான். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே அப்பாவும் பெரியப்பாவும் அவனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, மயானத்தின் ஓரமாகப் புதைத்துவிட்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்களில் யார் செத்தாலும் ஜெபமும் பாட்டும் உண்டு. ஆனால் பெரியப்பா, "பேரு வைக்காத புள்ளைக்குப் பாட்டு எதுக்குடா? மழ வருது, சட்டுனு முடி" என்று சொல்லிவிட்டார். அப்பா அண்ணன் பேச்சைத் தட்டியதில்லை.

இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அத்தை சொன்னது. அப்போது எனக்கு ஏழு வயது. தம்பியை ஆஸ்பத்திரிக்காரர்கள் தர மறுத்துவிட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்து, அவர்கள் மேல் கோபமாக இருந்தேன்.

திரும்பி வந்த அம்மா பேச்சை விட்டுவிட்டாள். கொழுந்து பறிக்கப் போவாள், வருவாள், ரொட்டி சுடுவாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். எனக்குச் சடை பின்னும்போது பாதியில் கை நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் அவள் வேறெங்கோ இருப்பாள். அப்பா அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார். போதகரை வரவழைத்து ஜெபம் பண்ணினார். டாக்டரும் போதகரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நாளானால் சரியாகிவிடுமாம். நாள்தான் ஆயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பண்டாரவளையில் அவளுடைய சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். அங்கே சர்ச்சில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்திருக்கிறாள். எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அப்பாவுக்கு ஒருநாள் இது ஞாபகம் வந்துவிட்டது. மருந்தின் பெயரைக் கண்டுபிடித்தவர்போல என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினார்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்கள் விற்கும் கடை அது. சைக்கிள்களுக்கும் தையல் மெஷின்களுக்கும் பின்னால் ஆர்கன் நின்றது. முதலாளியை எல்லாரும் நானா என்று கூப்பிட்டார்கள். அவர் தூசியைத் துடைத்துக் காட்டினார். கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், கீழே காலால் மிதிக்க ஒரு வரிசை.

"சர்ச்சுல வாசிக்கிறவங்க வீட்டுல பழகுறதுக்குன்னே செஞ்சது" என்றார் நானா. "ஆனா ஜப்பான் கரண்டு வேற, நம்ம கரண்டு வேற. இந்தப் பெட்டி இல்லாம நேரா குத்தினீங்கன்னா கருகிப் போயிரும்." செங்கல் அளவில் ஓர் இரும்புப் பெட்டியை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"எங்களுது லயம். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குமே நானா?"

"இதக் காதுல மாட்டிக்கிட்டா வாசிக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்" என்று நானா ஒரு ஹெட்போனை எடுத்து நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மகளுக்கா?" என்றார்.

அப்பா கொஞ்சம் தயங்கி, "ஆமாங்க" என்றார். நான் நம்பிவிட்டேன்.

தேயிலை இறக்கிவிட்டுத் திரும்பிய தோட்டத்து லொறியில் அது வந்து சேர்ந்தது. ரோட்டிலிருந்து நாலு பேர் படியேறித் தூக்கினார்கள். கதவைக் கழற்றியும் உள்ளே போகவில்லை. நிலையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஆர்கன் உள்ளே போனதும் கட்டில் வெளியே வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள். பெரியப்பா ஹெட்போனைத் தூக்கிப் பார்த்து, "ஊமைக்கு ஒரு ஊமைப் பெட்டி" என்றார். லயம் சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பல நாள் அதை யாரும் தொடவில்லை. என் ஆர்கன் என்பதால் நான்தான் துணியால் துடைத்து வந்தேன்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். வெறுங்கால்கள் கீழ்க்கட்டைகளைத் தேடித் தேடி மிதித்தன. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, கட்டைகள் தட்டுப்படும் டொக் டொக்கைத் தவிர. தேயிலை ஃபக்டரியில் வேலை முடிந்து வந்த அப்பா, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் அவள் எழுந்துவிடுவாளோ என்று பயம். அன்றைக்கு அவரே தேத்தண்ணி ஊற்றினார்.

அதன்பிறகு தினமும் வாசித்தாள். அவள் விரல்கள் ஒரே வழியாகப் போவதும், ஓரிடத்தில் தடுமாறுவதும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் எனக்கே தெரிந்தன. ஒருநாள் அவள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிக்கொண்டேன். அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அதை மெல்லக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அப்பாவோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "தேறிட்டா, இனிப் பயமில்ல" என்று சொல்லித் திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா அவருக்கும் அப்பாவுக்கும் சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அம்மா ஹெட்போன் வயரைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

அவ்வளவு பெரிய சத்தத்தை அந்த லயம் அதற்கு முன் கேட்டிருக்காது. தகரக் கூரை அதிர்ந்தது. மெதுவான பாட்டுதான். ஒவ்வொரு அடியும் இறங்கி இறங்கிப் போயிற்று. பெரியப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. முதல் சரணம் முடிவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

அம்மா திரும்பாமலே அப்பாவிடம் சொன்னாள்: "அவங்கள உக்காரச் சொல்லுங்க. பாட்டு இன்னும் முடியல."

ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு அவள் முழுதாகப் பேசிய பேச்சு அது. அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆனால் பெரியப்பா உட்கார்ந்தார்.

இரண்டாம் சரணத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அத்தை பாடத் தொடங்கினாள். வாசலில் வந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சர்ச்சுக்கே போகாத மாரியம்மன் கோயில்காரர்களும் அப்படியே நின்றார்கள். பாட்டு முடிந்ததும் நான் கைதட்டினேன். அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பெரியப்பா கை கழுவாமலே போய்விட்டார்.

அது செத்தவர்களை அடக்கம் பண்ணும்போது பாடுகிற பாட்டு என்று எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

அம்மா மூடியைச் சாத்தினாள். பிறகு அதைத் திறக்கவேயில்லை. கிறிஸ்மஸ் வந்தபோது அப்பா பதுளையிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கி வந்து ஆர்கன் மேல் விரித்து வைத்தார். "வேணாங்க" என்றாள் அம்மா. "வாசிக்க வேண்டியத வாசிச்சாச்சு." அப்பா அன்று முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மழையில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொண்டன. அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தோம்.

நான் மட்டும் விடவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அடுத்த பாட்டு எப்போது என்று கேட்பேன். ஒருநாள் அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு அது ஒண்ணுதான்டி தெரியும்" என்றாள். அதையும் நான் நம்பிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், யார் வீட்டில் சங்கீதம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டபோது நான் பெருமையாக எழுந்து நின்றேன். எங்கள் அம்மா ஆர்கன் வாசிப்பாள், ஆனால் அவளுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும் என்றேன். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிக நேரம் சிரித்தேன்.