தண்ணி எங்க நிக்குது?

மட்டக்களப்பு கிரானுக்கு மேற்கே எங்கள் வயல் வட்டையில் தண்ணீர் வராவிட்டால், நாகமுத்து அண்ணனிடம் போய் "ஆரு மறிச்ச?" என்று கேட்க முடியாது. கேட்டால் காது கேளாதவர்போல வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "தண்ணி எங்க நிக்குது?" என்று கேட்டால்தான் சைக்கிளை எடுப்பார். அவர்தான் எங்கள் வட்டவிதானை. வயற்காரர் நாங்கள் கூடித் தெரிந்தெடுத்த ஆள். குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதும், வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் கூட்டுவதும் அவர் பொறுப்பு. அறுவடையில் கொஞ்சம் நெல் கிடைக்கும். மற்றபடி கிடைப்பதெல்லாம் ஏச்சுத்தான்.

எனக்கு இந்த நிதானமெல்லாம் ஒத்துவராது. முன்கோபக்காரன் நான். "வக்கீல் ஆகியிருக்க வேண்டிய ஆள், சேத்துக்குள்ள நிக்கிறார்" என்று அவர் காதுபடவே நக்கல் அடித்திருக்கிறேன். அவர் சிரிப்பதும் இல்லை, கோபிப்பதும் இல்லை.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பது வட்டைக்கே தெரியும். சில வருடங்களுக்கு முந்திய ஒரு சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடை வெள்ளாமை. மழை பொய்த்து, குளத்தில் அரைத் தண்ணீர்கூட இல்லை. நாகமுத்து அண்ணனின் தம்பி உதயரூபனுடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. ஒரு காலையில் தண்ணீர் அங்கே போய்ச் சேரவில்லை. வரம்பில் நின்றபடி அண்ணன் எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்: "ஆரு மறிச்ச?"

ஆர் என்று கேட்டால் ஓர் ஆள் வேண்டும்தானே. யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள். உதயரூபன் மண்வெட்டியோடு மேல் வயலுக்கு ஓடினான். அங்கேயும் ஒரு மண்வெட்டி இருந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உதயரூபன் முடிந்துபோனான். அடித்தவனைப் பொலிஸ் பிடித்து மறியலில் போட்டது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தகப்பன் இல்லாத பிள்ளைகளானார்கள்.

மறுநாள் பொலிசாரோடு வாய்க்கால் நெடுக நடந்தபோதுதான் கண்டோம். சின்னப் பாலத்தடியில் ஒரு முள்ளுக்கிளை சிக்கி, அதில் வைக்கோலும் பாசியும் பந்தாகச் சுற்றி அடைத்துக்கிடந்தது. ஒருவரும் மறிக்கவில்லை. நாகமுத்து அண்ணன் இறங்கித் தன் கையாலேயே அதை இழுத்துப் போட்டார். தண்ணீர் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் பேச்சு மாறியது. துப்புரவுக்கு வராதவனிடம் "நீ ஏன் வரல்ல?" என்று கேட்கமாட்டார். "உன்னைக் காணல்ல, சுகமில்லையோ எண்டு நினைச்சன்" என்பார். "உன்ட வரம்பு உடைஞ்சு கிடக்கு" என்று சொல்லாமல், "அந்த மருதமரத்தடி வரம்பு உடைஞ்சு கிடக்கு, வா பாப்பம்" என்பார். போன் குறூப்பில் நாங்கள் ஒருவரை ஒருவர் கிழித்த காலத்தில் துப்புரவுக்குப் பாதிப்பேர்கூட வந்ததில்லை. இப்போது வராதவன் தானே வெட்கப்பட்டு மத்தியானத்தில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறான். நான் நம்பாத சங்கதி, ஆனால் கண்ணால் கண்டது.

இந்தச் சிறுபோகம் பழையபடி வறட்சி. உதயரூபனின் வயலை இப்போது செய்வது அவன் மனைவி கலாஜினி. பயிர் குடலைப் பருவம். கதிர் வெளியே வரும் நேரம் வேர் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். அந்த வயலை விட்டால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு கதி இல்லை. அவளுடைய முறை நாளில் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் கட்டில் சனம் கூடிவிட்டது.

"இண்டைக்காவது ஆரெண்டு கேளுங்க அண்ணன்" என்றேன் நான். என் கையிலும் இன்னும் சிலருடைய கையிலும் மண்வெட்டி இருந்தது. கலாஜினி தள்ளி நின்றாள்.

நாகமுத்து அண்ணன் எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்தார்.

"தண்ணி எங்க நிக்குதெண்டு பாப்பம். வாங்க."

நடந்தோம். சுபாகரனின் வயலடியில் வாய்க்காலுக்குக் குறுக்கே மண் நிரப்பிய உரப்பைகள். அவன் வரம்பை வெட்டிவிட்ட வக்கடை வழியாகத் தண்ணீர் முழுக்க அவன் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுபாகரனும் எங்களோடுதான் நடந்து வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"இங்கதான் நிக்குது" என்றார் அண்ணன். "ரெண்டு பேர் இறங்கினா எடுத்திரலாம்." சொல்லிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டி முதலாவதாக இறங்கினார். இரண்டாவதாக இறங்கியது சுபாகரன். பைகளை இழுத்து மேலே போட்டுவிட்டு, தன் வக்கடையைத் தானே சேறு வைத்து அடைத்தான். "அண்ணன்..." என்று தொடங்கினான். "காலைப் பாத்து வை, வழுக்கும்" என்றார் அவர். அவ்வளவுதான்.

தண்ணீரோடு கூடவே நாங்கள் கடைசி வயல்வரை நடந்தோம். அது வெடித்த நிலத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. நாகமுத்து அண்ணன் தம்பி மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"உனக்குக் கோவமா புள்ள? நான் ஆரெண்டு கேக்கல்ல."

"காலையிலேயே எனக்குத் தெரியும் மச்சான்" என்றாள் கலாஜினி. "சுபாகரன் பை அடுக்கக்குள்ள நான் கண்டனான்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா இவங்க மண்வெட்டியோட ஓடுவாங்க" என்று எங்களைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். "என்ட புள்ளைகளுக்குத்தான் அப்பா இல்ல. அவன்ட புள்ளைகளுக்கு இருக்கட்டும்."