மாலையை அவிழ்த்த ஓட்டுநர்

ஒரகடம் சாலையில், நான் அப்போதுதான் வாங்கியிருந்த பழைய கார் கொதித்து நின்றுவிட்டது. புகையைக் கண்டு பதறி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். கம்பெனிப் பேருந்தை நிறுத்திவிட்டு ஓடிவந்த நரைமீசை ஓட்டுநர் ஒருவர் என் மணிக்கட்டைப் பற்றினார்.

“தொறக்காதீங்க சாமி, கொதிதண்ணி மூஞ்சில அடிச்சிடும். இன்னா, காத்துப் போற வழியில மாலையக் கட்டிகினு வந்துகிறீங்க?”

“பெருமாளுக்குச் சாத்திய மாலை ஐயா.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கார் முகப்பை மூடியிருந்த மாலையை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றி, என் இருக்கையில் வைத்தார்.

“ஷிப்டுக்கு லேட்டாவுதுண்ணே,” என்றார் பேருந்திலிருந்து ஒருவர்.

“கம்முனு குந்துபா. பெரியவரு கண்ணு போயிருக்கும்.”

தம் தண்ணீர்க் கேனை என்னிடம் தந்து, அரைமணி ஆறவிட்டு ஊற்றச் சொல்லிப் போனார்.

இன்றும் பாசுர ஏட்டில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்போது, பெருமாளுக்கு முன்பே அவர் நினைவு வந்துவிடுகிறது. பெருமாள் அதைப் பொறுத்தருள்வார் என்றே நம்புகிறேன்.