பதினெட்டரை நியூத்திரன்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக எழும்பியிருக்கும் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இப்போது நீச்சல் குளம் துப்புரவு செய்கிறேன். குளோரீன் தூள் வாளியின் மூடியைத் திறந்தால் மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். கூட வேலை செய்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கோ அந்த நெடியோடு ஒரு எண் வந்து நிற்கும்: முப்பத்தைந்து தசம் ஐந்து. எத்தனையோ வேலை பார்த்து, எத்தனையோ ஊர் திரிந்து, பழகியவர்களின் பெயர்களைக்கூட மறந்துவிட்டேன். இது மட்டும் போகவில்லை.

அது குளோரீனின் அணுத்திணிவு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பாடவேளையில் புத்தகக் கிரிக்கெட் விளையாடுவோம். எனக்கோ விஞ்ஞானப் பிரிவில் படிக்க ஆசை. காசு கட்டிப் படிக்கும் டியூட்டறியை விட்டால் வழியில்லை. அது இதே வெள்ளவத்தையில் இருந்தது. ஜிந்துப்பிட்டியில் பஸ் ஏறுவேன். கூடப் படித்த கொட்டாஞ்சேனை றெஜி முன்னமே ஏறி எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பான். அவனுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை.

டியூட்டறி என்றால் தகரக் கூரையும் நெருக்கிப் போட்ட வாங்குகளும்தான். பின்வாங்கில் இருப்பவர்களுக்குப் படிப்பிக்கும் சேரின் முகம் தெரியாது, மைக்கில் குரல் மட்டும் வரும். ஆனால் நன்றாகப் படிப்பிப்பார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அணுவின் பெரும்பகுதி வெறும் இடம் என்று அவர் சொன்ன அன்று வாங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் சின்னஞ்சிறு கரு. புரோத்தனும் நியூத்திரனும் அதற்குள். பாரமெல்லாம் அங்கேதான். இலத்திரன்கள் வெளியே சுற்றுகின்றன, அவற்றின் திணிவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பிழைப்பும் பிறகு அப்படித்தான் ஆனது. அதை விடுங்கள்.

அங்கே கேள்வி கேட்கக் கையை உயர்த்தக் கூடாது. துண்டுக் கடதாசியில் பெயரோடு எழுதி முன்னுக்கு அனுப்ப வேண்டும். கை மாறிக் கை மாறிச் சேரின் மேசைக்குப் போய்ச் சேரும்.

குளோரீனுக்குப் பதினேழு புரோத்தன். முப்பத்தைந்தரை என்ற திணிவிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் பதினெட்டரை. நியூத்திரனைப் பாதியாக வெட்ட முடியுமா? அந்தக் கழித்தல் என்னைப் படுக்க விடவில்லை. எழுதி அனுப்பினேன்.

சேர் என் பெயரை மைக்கில் வாசித்து, எழும்பச் சொன்னார்.

“தம்பிக்கு அரை நியூத்திரன் குறையுதாம். மற்றப் பாதியை ஆரும் எடுத்திருந்தா குடுத்துவிடுங்கோ.”

மண்டபமே சிரித்தது. முன்வாங்குப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சோதினையில் முப்பத்தைந்து தசம் ஐந்து என்று எழுதினால் காணும் என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார். பதில் அவ்வளவுதான்.

பஸ்ஸில் றெஜி தொடங்கினான். “டேய் பதினெட்டரை, சீட்டுக்குக் கீழ பாரு மச்சான், மிச்சம் கிடக்கும்.”

அடுத்த கிழமை டியூட்டறி வாசலிலேயே அந்தப் பெயர் காத்திருந்தது. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு பஸ்ஸை விட்டு இறங்கியதும் வகுப்புக்குப் போகாமல் நேரே தண்டவாளம் தாண்டிக் கடலைப் பார்த்திருந்துவிட்டுத் திரும்பினேன். விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. இரத்மலானையில் ரப்பர் தொழிற்சாலை, பிறகு லொறி, பிறகு கட்டார், மறுபடி கொழும்பு.

போன வருடம் அக்காவின் மகளிடம் சும்மா கேட்பதுபோல அந்த அரை நியூத்திரனைப் பற்றிக் கேட்டேன். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“குளோரீன்ல ரெண்டு வகை இருக்கு மாமா. ஒண்ணுக்குப் பதினெட்டு நியூத்திரன், மத்ததுக்கு இருபது. முதல் வகை மூணு பங்கு, மத்தது ஒரு பங்கு. சராசரி எடுத்தா அதுதான் வரும்.”

எந்த அணுவிலும் அரை நியூத்திரன் இல்லை. அந்தப் பகிடிக்கு எடுத்த நேரம் இந்த விளக்கத்துக்குப் போதும்.

டியூட்டறி இருந்த இடத்தில் இப்போது உடுப்புக் கடை. சேர் எந்த நாட்டில் இருக்கிறாரோ. அண்மையில் றெஜி இத்தாலியிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். பேச்சோடு பேச்சாக அந்தக் கேள்வியையும் சிரிப்பையும் எடுத்தேன். சோற்றைப் பிசைவதை நிறுத்தி உண்மையாகவே யோசித்தான்.

“நீயா கேள்வி கேட்ட? சும்மா இரு மச்சான். உனக்குத்தான் படிப்பே பிடிக்காதே. அந்த நாள்லயே ஊர் சுத்துறதுதானே உன்ட வேல.”

அவன் மனைவி எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். படிக்க ஆசைப்பட்ட அந்தப் பையனை இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.